வயிற்றுக் கோடு இருக்கட்டும், முதலில் அந்த ட்யூபைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 26. திருப்பூரில் இருக்கிறோம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன், ஏழாம் மாதத்தோடு நின்றுவிட்டேன். முதல் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. சுகப்பிரசவம், தாய்ப்பால் கொடுக்கிறேன். வயிறு முழுக்கக் கோடு கோடாக விழுந்துவிட்டது. "அரிச்சா சொறியாதேன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டியா" என்கிறார் மாமியார். ஏழாம் மாதத்தில் அரிப்புத் தாங்க முடியாமல், கணவர் படர்தாமரைக்கு மெடிக்கலில் வாங்கி வைத்திருந்த ட்யூபை எடுத்துத் தடவினேன், உடனே அடங்கியது. இப்போதும் வயிற்றிலோ தொடை இடுக்கிலோ அரித்தால் அதுதான். இரண்டு மாதமாகத் தொடை இடுக்கிலும் சிவப்பாகப் புதுக் கோடுகள் வருகின்றன. 900 ரூபாய் எண்ணெய் ஒன்று வாங்கித் தடவியும் பிரயோஜனம் இல்லை. ஒரு கிளினிக்கில் லேசர் ஆறு சிட்டிங், 48,000 ரூபாய், நூறு சதவீதம் போய்விடும் என்கிறார்கள். நகையை வைத்தாவது செய்துகொள்ளலாமா? என் தங்கை இப்போது நாலு மாதம். அவளுக்கு வராமல் தடுக்க என்ன தடவலாம்?

பதில்:

நகையை வைக்காதீர்கள். ஆனால் லேசரைவிட அவசரமான விஷயம் ஒன்று உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கிறது, நீங்கள் அதைப் பெரிதாக நினைக்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ட்யூப். இதைப் படித்து முடித்ததும் அதை எடுத்து, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இனிமேல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், கணக்கு உதைக்கிறது. குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது, வயிறு விரிகிற வேலை அன்றோடு முடிந்தது. அப்புறம் இரண்டு மாதத்துக்கு முன்னால் தொடை இடுக்கில் புதிதாக எதற்குக் கோடு விழ வேண்டும்? அங்கே எது விரிந்தது? ஒன்றும் விரியவில்லை. தோல்தான் மெலிந்துபோயிருக்கிறது. மெலிய வைத்தது அந்த ட்யூப்தான் என்பது என் பலமான சந்தேகம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது, இருந்தாலும் இதே கதையை வாரத்தில் நாலைந்து பேரிடம் கேட்கிறேன், பெரும்பாலும் ஆண்கள், படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கித் தடவியவர்கள்.

மெடிக்கலில் போய் "படை இருக்கு, ஏதாவது க்ரீம் குடுங்க" என்று கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் கைக்கு வருவது பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, கூடவே வீரியமான ஒரு ஸ்டீராய்டு, எல்லாம் ஒரே ட்யூபில் கலந்த கலவை. அரிப்பு உடனே அடங்குவது அந்த ஸ்டீராய்டால்தான். அடங்கியதே தவிர பூஞ்சை சாகவில்லை, விட்டதும் திரும்ப வரும், திரும்பத் தடவுவோம், இப்படியே மாதக்கணக்கில் ஓடும். அந்த இடைவெளியில் தோலுக்கு அடியில், அதற்கு உறுதி தரும் கொலாஜன் என்ற நாரை உற்பத்தி செய்கிற செல்களை ஸ்டீராய்டு முடக்கிப் போட்டுவிடும். தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே மாதிரி தோலோடு தோல் ஒட்டியிருக்கிற இடங்களில் தோலும் மெல்லிசு, வியர்வையும் அடைசலும் சேர்ந்து மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும். அதனால்தான் அங்கே விழுகிற கோடு பிரசவக் கோட்டைவிட அகலமாக, ஆழமாக, சிவந்து இருக்கும். பிரசவக் கோடாவது வருஷம் போனால் மங்கும், இது அந்த அளவுக்கு மங்குவதில்லை.

ட்யூபின் மேல் பொடி எழுத்தில் உள்ள பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளூசினோலோன், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இதில் ஒரு குழப்பம் உண்டு: கிளோட்ரிமசோல், மைகோனசோல் என்றும் இருக்கும், அவையும் 'சோல்' என்றுதான் முடியும், ஆனால் அவை பூஞ்சை மருந்து, அவற்றால் இந்தப் பிரச்சினை இல்லை. குளோபெட்டசோல்தான் இருப்பதிலேயே வீரியமான வகை, அதுவே நம் ஊர்க் கலவை க்ரீம்களில் சர்வசாதாரணமாக இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கிறார்களா இல்லையா என்பதை உங்கள் வீட்டு அலமாரியே சொல்லும்.

உங்கள் தொடை இடுக்கில் இன்னும் அரிக்கிறது என்றால், கணவரிடமிருந்து உங்களுக்கும் படர்தாமரை ஒட்டியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒரே துண்டு, ஒரே போர்வை, எல்லாத் துணியும் ஒரே பக்கெட்டில் ஊறல், பூஞ்சைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நீங்கள் மட்டும் வைத்தியம் பார்த்தால் பத்து நாளில் மறுபடி வரும். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வெறும் பூஞ்சை மருந்தை வாரக்கணக்கில், அரிப்பு நின்ற பிறகும் சொன்ன கெடு வரைக்கும் இருவரும் தடவ வேண்டியிருக்கும். நீங்கள் பால் கொடுக்கிறீர்கள் என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள், மாத்திரை தேவைப்பட்டால் அதற்கேற்ற மாதிரி யோசித்து எழுதுவார்கள். துண்டு, உள்ளாடை தனித்தனியாக இருக்கட்டும், வெந்நீரில் அலசி வெயிலில் காயட்டும். க்ரீமை நிறுத்திய முதல் சில நாள் அரிப்பும் சிவப்பும் கொஞ்சம் எகிறும். எல்லோரும் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான், பழைய ட்யூபைத் தேடிப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள்.

சரி, இப்போது வயிற்றுக்கு வருவோம். முதலில் மாமியார் விஷயம். சொறிந்ததால் கோடு விழாது. கோடு விழுவது மேல்தோலில் இல்லை, அதற்கு அடியில் உள்ள இரண்டாவது அடுக்கில். நீங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர், உங்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது எளிது. லைக்ரா கலந்த துணியில் உள்ளே ஓடுகிற லைக்ரா நூல் அறுந்தால் வெளியே கோடு தெரியும் இல்லையா? துணி கிழிந்திருக்காது, கையால் தடவினால் ஓட்டை இருக்காது, ஆனால் அந்த இடம் மட்டும் இழுவை விட்டுத் தொய்ந்திருக்கும். தோலிலும் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்கள் அப்படித்தான் உள்ளே ஓடுகின்றன. வயிறு வேகமாக விரியும்போதும், கர்ப்பத்தில் மாறுகிற ஹார்மோன்களாலும் அவை அறுகின்றன. நகம் அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. சொல்லப்போனால் விஷயம் தலைகீழ். நார் அறுகிற சமயத்தில் அந்த இடத்தில் லேசான அழற்சி இருக்கும், அதனால்தான் அரிக்கும். நீங்கள் சொறிந்து கோடு வரவில்லை, கோடு வரப்போவதால் அரித்தது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் சண்டையாக வேண்டாம், அவர்களுக்கும் அவர்கள் மாமியார் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதில் பாதி, பிறக்கும்போதே எழுதியாகிவிட்டது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். இளவயதில் கர்ப்பமானவர்களுக்கு அதிகம் வருகிறது, முப்பதைத் தாண்டிப் பிள்ளை பெறுகிறவர்களுக்குக் குறைவு. குழந்தை எடை கூடுதலாக இருந்தால், அம்மா குறுகிய காலத்தில் நிறைய எடை போட்டால் கூடும். ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் வருகிறது, சிலவற்றில் பத்தில் ஒன்பது பேர் வரைகூடப் போகிறது. எனக்கும் இருக்கிறது, இரண்டு பிரசவத்துக்கும் சேர்த்து. தோல் டாக்டர் என்பதால் வயிறு சலுகை ஒன்றும் காட்டவில்லை.

ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், தொப்புளிலிருந்து நேர்கீழே ஒற்றைக் கறுப்புக் கோடு இருந்தால் அது வேறு. அது ஹார்மோனால் வந்த நிறம் மட்டுமே, சில மாதங்களில் தானாக மங்கிவிடும், அதற்கென்று எதுவும் தடவ வேண்டாம்.

மற்ற கோடுகள் முதலில் சிவப்பாக, நம் மாதிரி மாநிறத் தோலில் ஊதா கலந்தோ கரும்பழுப்பாகவோ இருக்கும். அப்போது உள்ளே ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும், அழற்சி இருக்கும், அதாவது தழும்பு இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. சில மாதத்திலிருந்து ஓரிரண்டு வருஷத்துக்குள் வெளுத்து, வெள்ளி நிறமாகி, லேசாகச் சுருங்கிய மாதிரி ஆகிவிடும். அதுதான் கடைசி நிலை. பெரும்பாலானவர்களுக்கு இந்த நிலையிலேயே கண்ணை உறுத்தாத அளவுக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது, உடம்பு இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே 48,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம்.

900 ரூபாய் எண்ணெயைப் பற்றி. தோல் வறளாமல் வைத்துக்கொள்ளும், அரிப்பைக் குறைக்கும், வாசனை நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அந்த மூன்றில் முதல் இரண்டை உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெயும் வாஸ்லினும் செய்யும். கோக்கோ வெண்ணெயை லெபனானிலும் ஜமைக்காவிலும் கர்ப்பிணிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அதையும் இன்னொரு குழுவுக்குச் சும்மா க்ரீமையும் கொடுத்துப் பார்த்தார்கள், கோடு வந்ததில் வித்தியாசமே இல்லை. 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு ஆறு ஆய்வுகளில் இருந்த 800 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும், எந்தப் பூச்சும் கோடு வராமல் தடுக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. வெளிநாட்டு க்ரீம்களில் 'சென்டெல்லா' என்று பெரிதாகப் போட்டு விலையை ஏற்றியிருப்பார்கள், பயந்துவிடாதீர்கள், அது நம் வல்லாரைதான். அது தோலுக்கு ஆகாதது இல்லை, கொஞ்சம் உதவலாம் என்று சொல்லும் சிறு ஆய்வுகளும் உண்டு, ஆனால் அதை நம்பி மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் அளவுக்கு இல்லை.

கைவைத்தியத்தில் எலுமிச்சையை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். எலுமிச்சைச் சாறு தடவிய தோலில் வெயில் பட்டால் புண்ணாகி, அப்புறம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். இருக்கிற கோட்டுக்கு மேலே இன்னொரு கறை எதற்கு? உருளைக்கிழங்குச் சாறு, கற்றாழை எல்லாம் நன்மையும் இல்லை, பெரும்பாலும் கெடுதலும் இல்லை. பிரசவம் முடிந்து பழைய காட்டன் புடவையால் வயிற்றைச் சுற்றிக் கட்டுகிறார்களே, அது இடுப்புக்கு ஆறுதலாக இருக்கும், கோட்டோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் வேலை செய்கிற வைத்தியம் எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அழிப்பதற்கு இல்லை, மங்க வைப்பதற்கு. இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில்தான் அந்தக் கிளினிக் 48,000 ரூபாய் சம்பாதிக்கப் பார்க்கிறது.

சிவப்பாக இருக்கிற புதுக் கோட்டுக்கு வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின் க்ரீம் ஓரளவு கேட்கும். 1996-இல் வெளிவந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் 0.1 சதவீத ட்ரெட்டினாயினை ஆறு மாதம் தினமும் தடவியவர்களுக்குக் கோட்டின் நீளம் சராசரியாக 14 சதவீதமும் அகலம் 8 சதவீதமும் குறைந்தன. நன்றாகக் கேட்ட வைத்தியத்துக்கே எண் இவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள், அப்புறம் அந்த 'நூறு சதவீதம்' எந்த லட்சணம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் இதை நீங்கள் இப்போது தொடக் கூடாது. கர்ப்பத்தில் ட்ரெட்டினாயின் கூடவே கூடாது, பால் கொடுக்கும்போதும் தவிர்க்கச் சொல்வேன், குழந்தை நாள் முழுக்க உங்கள் வயிற்றில்தானே படுத்துக் கிடக்கிறது. கடையில் 'ரெட்டினால்' என்று விற்கிற சீரமும் இதே குடும்பம், அதுவும் வேண்டாம். பால் மறந்த பிறகு கோடு இன்னும் சிவப்பாக இருந்தால் ஒரு தோல் டாக்டர் பார்த்து எழுதித் தரட்டும். உரியும், எரியும், மெதுவாகத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

வெளுத்துப்போன கோட்டுக்குக் க்ரீம் எதுவும் பெரிதாகக் கேட்காது. அதற்கு மைக்ரோநீடிலிங் இருக்கிறது, மரத்துப்போகிற க்ரீம் தடவி, நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தி, அந்தக் காயம் ஆறுகிற சாக்கில் புதுக் கொலாஜனை வரவைப்பது. மாதம் ஒரு தடவை வீதம் நாலைந்து தடவை ஆகும், பலன் தெரியச் சில மாதம் பிடிக்கும். ஆன்லைனில் ரோலர் வாங்கி வீட்டிலேயே உருட்டுகிற வேலை வேண்டாம், கிருமி சேர்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லேசர்களில், தோலில் புள்ளி புள்ளியாக மட்டும் சூடு வைக்கும் ஃப்ராக்‌ஷனல் வகை பயன் தரும், ஆனால் நம் தோல் நிறத்துக்கு அதில் ஒரு ஆபத்து உண்டு: சூடு அதிகமானால் கோடு இருந்த இடம் கறுப்புப் பட்டையாக மாறி மாதக்கணக்கில் நிற்கும். வெள்ளைத் தோலில் எடுத்த முன்-பின் படங்களை மாட்டி வைத்து நம்மிடம் காசு வாங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். லேசரைப் பிடிக்கப்போவது தோல் டாக்டரா, உதவியாளரா? என் நிறத் தோலில் நீங்கள் செய்த படம் காட்டுவீர்களா? வயிற்றில் ஓர் ஓரமாகச் சின்ன இடத்தில் மட்டும் முதலில் செய்து பார்த்து, ஒரு மாதம் பொறுத்து மற்றதைச் செய்யலாமா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தங்கைக்கு. தடவுவதற்கு எதுவும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். குளித்ததும் ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ மணம் இல்லாத மாய்ஸ்சரைசரோ தடவட்டும், அரிப்பு குறையும், கோடு வராது என்ற உறுதி மட்டும் யாரும் தர முடியாது. அவள் கையில் இருக்கிற ஒரே விஷயம் எடை. "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று தட்டில் போடுவதை நிறுத்துங்கள். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறவர்களுக்குப் பத்து மாதத்தில் 10 முதல் 12 கிலோ ஏறினால் போதும் என்றுதான் நம் ஊரில் பொதுவாகச் சொல்கிறோம், அதுவும் சீராக ஏற வேண்டும். அதற்காகப் பட்டினி கிடக்கக் கூடாது, வயிற்றுக் கோட்டுக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வந்த பெண்ணைத் திட்டி அனுப்பியிருக்கிறேன்.

அவளிடம் இதையும் சொல்லி வையுங்கள், கடைசி மூன்று மாதத்தில் கோட்டின் மேலேயே சின்னச் சின்னத் தடிப்பாகக் கிளம்பி, தொப்புளைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டு அரித்தால் அது முதல் கர்ப்பத்தில் வருகிற ஒரு தோல் பிரச்சினை, தொல்லைதானே தவிர பிள்ளைக்கு ஆபத்து இல்லை. ஆனால் உடம்பில் தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது, ராத்திரியில் அதிகமாகிறது என்றால் அது தோல் சமாச்சாரம் இல்லை, கல்லீரலில் பித்தம் தேங்குவதாக இருக்கலாம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தாகக்கூடும். எண்ணெய் தடவிக்கொண்டு உட்காராமல் மறுநாளே பிரசவ டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உங்களுக்கு ஏழாம் மாதத்தில் அரித்தபோது இதை யாராவது கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

வீட்டில் வளர்கிற பையன்கள் யாருக்காவது முதுகின் கீழ்ப்பகுதியில் குறுக்கே வரி வரியாக இருந்தால் பயப்பட வேண்டாம், மளமளவென்று உயரம் கூடும் வயதில் வருவது. பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்துவிட்டார்கள் என்று ஓர் அம்மா பையனை இழுத்துக்கொண்டு வந்தார், பாவம் அவன், "யாரும் அடிக்கலை"ன்னு ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான். ஆனால் யாருக்காக இருந்தாலும், விரல் அகலத்துக்கு ஊதா நிறத்தில் கோடு விழுந்து, கூடவே முகம் உப்பி, லேசாக இடித்தாலே கன்றிப்போய், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏறினால் அது உடம்புக்குள் ஸ்டீராய்டு அதிகமாகிவிட்டதற்கான அறிகுறி. மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் பெயர் தெரியாத பொடி வாங்கிச் சாப்பிடுகிறவர்களிடம் இதைப் பார்க்கிறோம்.

உங்களுக்கு ஏழெட்டு மாதமாக அந்தக் க்ரீம் உள்ளே போயிருப்பதால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே போங்கள். தனியார் கிளினிக்தான் என்று இல்லை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு போட்டால் பார்ப்பார்கள். காலையில் சீக்கிரம் போனால் குழந்தையோடு அதிக நேரம் உட்கார வேண்டியிருக்காது. கணவரையும் கூட்டிப் போங்கள். ட்யூபைக் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள், காலியாக இருந்தாலும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும்.